உயர் இரத்த அழுத்தம்: நோயாளிக்குத் தனிச்சட்டி போதுமா?



நமது உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம் என்பதைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அமானிதத்தை மெல்ல மெல்லச் சிதைக்கும் நோயொன்று இன்று நம் வீடுகளில் சத்தமின்றிக் குடிகொண்டுள்ளது. அது வலிப்பதில்லை, காய்ச்சலைத் தருவதில்லை, உறக்கத்தைக் கெடுப்பதுமில்லை. அதனால் அதனைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. அதுதான் உயர் இரத்த அழுத்தம். நமது பேச்சு வழக்கில் 'பிரஷர்'.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளவர்களுள் ஏறத்தாழ 128 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். அவர்களுள் நூற்றுக்கு 46 பேருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. "எனக்குத் தலை சுற்றுவதில்லை, ஆகவே பிரஷர் இல்லை" என்று சொல்லும் சகோதரர்களே, அந்த 46 பேரும் இதையே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தீவகத்திற்கு இது ஏன் கூடுதல் முக்கியம்?

சுருவில், நாரந்தனை, ஊர்காவற்றுறை, வேலணை ஆகிய ஊர்களில் வாழ்பவர்கள் யாழ்ப்பாண நகரை அடைய வேண்டுமாயின் பண்ணைத் தாம்போதியைக் கடந்தாக வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு மக்களோ முதலில் குறிகட்டுவான் துறைக்குப் படகில் வந்து, அதன் பின்னரே தரைவழியில் பயணிக்க வேண்டும். சாதாரண நாட்களில் இது ஒரு பயணம் மாத்திரமே. ஆனால் பாரிசவாதம் ஏற்பட்ட ஒருவருக்கு அந்தப் பயணத்தின் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் ஒரு பகுதியாகும்.

மூளையின் இரத்தக் குழாயில் கட்டி அடைப்பதால் உண்டாகும் பாரிசவாதத்தில், அக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலங்களுக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் செய்து, குழாய் வெடித்து இரத்தம் கசியவில்லை என்பதை உறுதிப்படுத்த வேண்டும். கடலுக்கு நடுவே வாழும் ஒருவருக்கு அந்த நாலரை மணித்தியாலம் எத்தனை விரைவில் கரைந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பாரிசவாதத்திற்கான காரணங்களுள் முதன்மையானது உயர் இரத்த அழுத்தமே. ஆகவே, பெரிய வைத்தியசாலைக்குத் தொலைவில் வாழ்பவர்கள் ஏனையோரைவிட முன்னெச்சரிக்கையாக இருப்பது கட்டாயமாகிறது.

எதனை உயர் அழுத்தம் என்கிறோம்?

இரத்த அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிப்பார்கள். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்களில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து ஓய்வெடுக்கும்போது இருப்பது கீழ் எண். வெவ்வேறு இரு நாட்களில் அளக்கும்போதும் மேல் எண் 140 அல்லது அதற்கு மேலாகவோ, கீழ் எண் 90 அல்லது அதற்கு மேலாகவோ இருப்பின் அது உயர் இரத்த அழுத்தமாகக் கொள்ளப்படும்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே தேநீரையும் புகைத்தலையும் தவிர்க்க வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இருந்து அளக்க வேண்டும். துவிச்சக்கரவண்டியை மிதித்து வந்த மூச்சோடு அளப்பது சரியான கணக்கைத் தராது.

தனிச்சட்டி ஏன் போதாது?

நமது வீடுகளில் பொதுவாக நடப்பது என்ன? வாப்பாவுக்குப் பிரஷர் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அன்றிரவே உம்மா அவருக்கென ஒரு சிறு சட்டியில் உப்பில்லாக் கறி ஆக்குகிறார். பிள்ளைகளுக்கோ வழமையான கறி, பொரித்த கருவாடு, அச்சாறு. வாப்பா ஒரு வாரம் பொறுமையாகச் சாப்பிடுகிறார். இரண்டாம் வாரம் பிள்ளைகளின் பாத்திரத்திலிருந்து ஒரு துண்டு எடுக்கிறார். மூன்றாம் வாரம் தனிச்சட்டி அடுப்பிலிருந்து இறங்கிவிடுகிறது. "நான் என்ன செய்ய, அவர் கேட்கிறாரில்லையே" என்று உம்மா கவலைப்படுகிறார்.

இங்கு குறை வாப்பாவின் மனவுறுதியில் மாத்திரம் இல்லை. ஒரே விரிப்பில் அமர்ந்து உண்ணும் குடும்பத்தில் ஒருவரை மட்டும் உணவால் பிரித்து வைப்பது நெடுநாள் நீடிக்காது. மேலும், அந்த வாப்பாவின் பிள்ளைகளும் அதே இரத்தத்தையும் அதே சமையலையும் பெற்றவர்கள். இன்று இருபது வயதில் அவர்கள் உண்ணும் உப்பும் கொழுப்பும் நாற்பது வயதில் அவர்களது எண்களாக வெளிவரும். எனவே மாற வேண்டியது நோயாளியின் சட்டி அன்று, குடும்பத்தின் சட்டி.

நோயாளி வைத்தியரிடம் வருவதோடு நில்லாமல், ஆலோசனை நோயாளியின் வீட்டிற்குச் செல்ல வேண்டும் என்பதற்கு நமது நாடும் பங்குகொண்ட ஓர் ஆய்வு சான்றாக உள்ளது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் 30 கிராமியச் சமூகங்களைச் சேர்ந்த 2,645 உயர் இரத்த அழுத்த நோயாளர்களிடையே நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2020 ஆம் ஆண்டில் வெளியாகின. பாதிச் சமூகங்களில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தத்தை அளந்தனர். உணவு, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை கூறினர். தேவையானோரை வைத்தியரிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டுகளின் பின், வழமையான சிகிச்சை பெற்றோரைவிட இவர்களது மேல் எண் சராசரியாக 5 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்திருந்தது.

உப்பைக் கணக்கிடும் எளிய வழி

உப்பில் உள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கி வைக்கிறது. அதனால் குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. காலப்போக்கில் குழாய்களின் சுவரும் விறைக்கிறது. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது மட்டமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. உலகச் சராசரியோ அதன் இரு மடங்கு.

இதனை வீட்டில் எவ்வாறு அளப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேருள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 25 கிராம். முப்பது நாட்களுக்கு 750 கிராம். அதாவது ஒரு கிலோ உப்புப் பொதி குறைந்தது நாற்பது நாட்களுக்கு வர வேண்டும். பாண், பிஸ்கட், கருவாடு ஆகியவற்றின் வழியாக வரும் உப்பையும் சேர்த்தால் அது இன்னும் கூடுதல் நாட்களுக்கு வர வேண்டும். பிள்ளைகளுக்கோ வளர்ந்தோரைவிடக் குறைவாகவே தேவை. இளைஞர்களே, அடுத்த உப்புப் பொதியைத் திறக்கும்போது அதன் மேல் திகதியை எழுதி வையுங்கள். பொதி முடியும் நாளில் உங்கள் வீட்டின் நிலை உங்களுக்கே விளங்கும்.

குறைப்பதை ஒரே நாளில் செய்ய வேண்டாம். வாரத்திற்கு ஒரு கிள்ளு எனக் குறைத்து வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். எலுமிச்சை, பழப்புளி, மிளகு, இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலை ஆகியன உப்பின் இடத்தைப் பெருமளவு நிரப்பும். சோற்றுக்கு உப்பிடும் பழக்கத்தை விட்டுவிடலாம். கறியில் உள்ளதே போதும். ஆனால் அயடீன் சேர்த்த உப்பையே வாங்குங்கள். குறைக்க வேண்டியது அளவை மாத்திரமே.

நமது தீவகத்தில் மூன்று விடயங்களில் தனிக்கவனம் தேவை.

முதலாவது, கருவாடு. நன்றாக உப்பிட்ட கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ உப்பாக இருக்கக்கூடும். அப்படியாயின் 50 கிராம் கருவாடு ஒருவரின் ஒரு நாளைய உப்பு முழுவதையும் கொடுத்துவிடும். சூழக் கடல் இருக்கையில், பச்சை மீனை முதலிடத்திலும் கருவாட்டை எப்போதாவது ஒரு நாளிலும் வைப்பதே அறிவுடைமை. சமைக்கும் நாளில் வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, கறிக்கு வேறு உப்பிடாமல் சமையுங்கள். மாசிச் சம்பல், அப்பளம், அச்சாறு, சூப் கட்டி ஆகியனவும் இதே வகையின.

இரண்டாவது, குடிநீர். தீவகத்தின் பல கிணறுகளில் நீர் உவராக இருப்பதை நாம் அறிவோம். பங்களாதேஷின் கரையோரப் பிரதேசமான டாகோப்பில் உவர்நீரைக் குடித்த கர்ப்பிணித் தாய்மாரைப் பற்றிய ஆய்வொன்று 2011 ஆம் ஆண்டில் வெளியானது. நீரில் உப்பு மிகும் வரட்சிக் காலத்தில் அவர்களிடையே உயர் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டதை அது எடுத்துக்காட்டியது. எனவே உவர்ப்புத் தெரியும் நீரைக் குளிக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நன்னீரையே பயன்படுத்துங்கள். கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், உப்பு போகாது.

மூன்றாவது, கடைப்பண்டங்கள். இலங்கையில் பொதியிடப்பட்ட உணவுகளில் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் முறை நடைமுறையில் உள்ளது. எழுத்தைப் படிக்க நேரமில்லாவிட்டாலும் நிறத்தைப் பாருங்கள். உப்புக்குச் சிவப்பு இருக்குமாயின் அது பிள்ளையின் பாடசாலைப் பைக்கு உரியது அன்று.

எதைக் கூட்டுவது?

குறைப்பதைப் பற்றி மட்டும் பேசினால் சாப்பாடே தண்டனையாகிவிடும். கூட்ட வேண்டியவையும் உண்டு. 1997 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 459 பேரிடையே நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் வெளியாகின. உப்பையும் உடல் எடையையும் மாற்றாமலேயே, காய்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பாற்பொருட்கள் ஆகியவற்றைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்துக் கொடுத்தார்கள். எட்டு வாரங்களில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் மேல் எண், வழமையான உணவை உண்டோரோடு ஒப்பிடுகையில் 11 புள்ளிகள் குறைந்தது. இது ஒரு மாத்திரையின் பலனுக்கு நிகரானது.

இதற்கு அமெரிக்க உணவு தேவையில்லை. முருங்கையிலை, வல்லாரை, பசளி, கத்தரி, பூசணி, வாழைப்பூ, பயறு, கடலை, குரக்கன், தவிட்டுடன் கூடிய சிவப்பரிசி, வாழைப்பழம், பப்பாசி ஆகிய அனைத்தும் நம் முற்றத்திலும் சந்தையிலும் உள்ளவையே. பீங்கானில் பாதியைக் காய்கறியும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கு சோறு. கால் பங்கு மீன் அல்லது பருப்பு. இலைக்கறிகளிலும் பழங்களிலும் உள்ள பொட்டாசியம், உடல் சோடியத்தை வெளியேற்ற உதவுகிறது. எனினும் சிறுநீரக நோயுள்ளவர்களுக்குப் பொட்டாசியம் கூடுவது ஆபத்து. அவர்கள் வைத்தியரைக் கேட்டே இவற்றைக் கூட்ட வேண்டும்.

உடல் எடை

கூடிய எடை இதயத்தின் சுமையைக் கூட்டுகிறது. சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதற்கும் தடையாகிறது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஏறத்தாழ ஒரு புள்ளி குறையும் என்பது பல ஆய்வுகளின் பொது முடிவு. 80 கிலோ எடையுள்ளவர் 75 கிலோவுக்கு வந்தாலே நல்ல பலன் உண்டு. தெற்காசியர்களாகிய நம்மில் ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 சென்றிமீற்றரையும் பெண்களின் சுற்றளவு 80 சென்றிமீற்றரையும் மீறாமலிருப்பது நல்லது. இதற்குத் தராசு வேண்டாம். தையற்காரரின் அளவுநாடா போதும்.

பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயல்வது வீண். வாரத்திற்கு அரைக் கிலோ போதுமானது. தேநீரிலிருந்து தொடங்குங்கள். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துத் தேக்கரண்டி. ஏறத்தாழ 40 கிராம் சீனி. அதைப் பாதியாக்குங்கள். அடுத்து பொரியலையும் கட்டிப் பாலையும் குறையுங்கள். கலியாண விருந்துகளில் ஒரே சஹனில் பலர் கூடி உண்ணும்போது தமது பங்கு எவ்வளவு என்பது எவருக்கும் தெரிவதில்லை. கூடி உண்பதில் உள்ள நேசத்தை நாம் இழக்க வேண்டியதில்லை. விருந்தளிப்பவர் பிரியாணியோடு கீரையும் பழமும் நிறைவாக வைத்து, வட்டிலப்பத்தைச் சிறு துண்டுகளாகப் பரிமாறினால் அதுவும் விருந்தாளிகளுக்குச் செய்யும் உபகாரமே.

உடற்பயிற்சி

வாரத்திற்கு 150 நிமிடங்கள், அதாவது ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு முப்பது நிமிட வேக நடை போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். முப்பது நிமிடத்தை மூன்று பத்து நிமிடங்களாகப் பிரித்தாலும் குற்றமில்லை. பள்ளிவாசலுக்கும் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் செல்பவர் நடந்தோ துவிச்சக்கரவண்டியிலோ சென்றால் பயிற்சிக்கெனத் தனி நேரம் தேட வேண்டியதில்லை. தொடர்ந்து செய்வோருக்கு மேல் எண் 5 முதல் 8 புள்ளிகள் வரை குறையக்கூடும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்பதால் உம்மாவுக்கு உடற்பயிற்சி தேவையில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது சோர்வைத் தரும் வேலை. இதயத்தை வலுப்படுத்தும் பயிற்சியன்று. அந்தி நேரத்தில் உம்மாவோடும் சகோதரியோடும் நடக்க ஒரு மகன் துணை சென்றால், இருவருக்குமே அது நன்மை.

அழுத்தம் 180க்கு 110 என்ற அளவை எட்டியவர்களும், நடக்கும்போது நெஞ்சு வலிப்பவர்களும் வைத்தியரைக் கண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

மாத்திரையும் நோன்பும்

உணவையும் நடையையும் பற்றி இவ்வளவு கூறியதால் மாத்திரையை விட்டுவிடலாம் என எவரும் கருத வேண்டாம். எண் குறைந்தது மாத்திரையினாலும்தான். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரின் முடிவு. இலங்கையில் 11 வைத்தியசாலைச் சிகிச்சை நிலையங்களில் 700 பேரிடையே நடந்து 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேர் இலக்கை அடைந்தனர். வழமையான சிகிச்சையில் அது 55 பேர். சரியான மருந்தைத் தொடர்ந்து எடுத்தால் பலன் உண்டு என்பதற்கு இது போதிய சான்று. மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் சில வலி நிவாரணிகள் அழுத்தத்தைக் கூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

றமழானில் பகல் மாத்திரையைத் தாமாகவே கைவிடுவோர் உளர். இது பெருந்தவறு. நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் சென்றால், பெரும்பாலான மாத்திரைகளின் நேரத்தை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் ஏற்ப மாற்றித் தருவார். நோன்பு நோற்பது உடலுக்குத் தீங்கு என வைத்தியர் சொல்வாராயின், நோயாளிக்கு மார்க்கம் வழங்கிய சலுகையை ஏற்பதில் வெட்கத்திற்கு இடமில்லை. மேலும், பகல் முழுவதும் பசித்திருந்துவிட்டு மஃரிபில் சமோசா, கட்லட், ரோல்ஸ் என எண்ணெயில் பொரித்தவற்றால் நிரப்பினால் ஒரு மாத நோன்பின் முடிவிலும் எடை குறையாது. பேரீச்சம்பழம், தண்ணீர், உப்புக் குறைத்த கஞ்சி, பழம் ஆகியன போதும்.

இன்றே செய்யக்கூடியவை

இளைஞர்களே, பொறுப்பை முதலில் உங்களிடமே ஒப்படைக்கிறேன். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய உங்கள் பெற்றோரை அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். 2011 முதல் நாட்டில் அமைக்கப்பட்டு வரும் இந்நிலையங்களில் இரத்த அழுத்தம், சீனி, எடை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். எண்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உங்களது எண்ணையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டாம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனடியாக 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த இலவச சுவ செரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் இயங்குகிறது.

பெற்றோர்களே, நாளைய சமையலில் உப்பைக் கையில் எடுக்கும்போது சற்று நிதானியுங்கள். அந்தச் சட்டியிலிருந்து உண்ணப்போவது நோயாளி ஒருவர் மாத்திரமல்லர். இன்னும் நோயாளியாகாத உங்கள் பிள்ளைகளும்தான். ஒருவருக்காக முழுக் குடும்பமும் உணவை மாற்றுவது தியாகம் போலத் தோன்றலாம். உண்மையில் அந்த ஒருவரின் நோய், ஏனைய அனைவரையும் காப்பதற்குக் காலத்தோடு கிடைத்த ஓர் எச்சரிக்கையாகும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும் அதனைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக!